கட்டடம் சரி, கரண்ட் பில்லை யார் கட்டுவது?

ஆலிஸ் வால்டன் பற்றி எழுதுகிறவர்கள் சொத்துக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டனின் ஒரே மகள், 1949இல் பிறந்தவர். முதல் வால்மார்ட் கடை திறந்தது 1962இல். சாம் அதற்கு முன்பே, 1953லேயே, குடும்பக் கூட்டு நிறுவனம் வைத்து நாலு பிள்ளைகளுக்கும் தலா 20 சதவீதம் எழுதிவிட்டார். ஆலிஸுக்கு அப்போது நாலு வயசு. மதிப்பு ஏறிய பிறகு எழுதியிருந்தால் பரிசாகக் கொடுக்கும் சொத்துக்கான வரியிலேயே பெரும்பங்கு போயிருக்கும்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற சின்ன ஊரில் அவர் கட்டிய கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகம் 2011 நவம்பரில் திறந்தது. கட்டடத்தை விடுங்கள், காசு வைத்த விதத்தைப் பாருங்கள். திறப்பதற்கு முன்பே குடும்ப அறக்கட்டளை 80 கோடி டாலர் ஒதுக்கியது: அன்றாடம் நடத்த 35 கோடி, ஓவியம் வாங்க 32.5 கோடி, பிற்காலக் கட்டட வேலைக்கு 12.5 கோடி. நுழைவு இலவசம், அதற்கென வால்மார்ட் தனியாக 2 கோடி டாலர் கொடுத்தது.

அதே 2011 ஜூனில், சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாகுபாடு என்று சுமார் 15 லட்சம் பெண் ஊழியர்கள் சார்பில் வால்மார்ட் மேல் போட்ட வழக்கை, ஒரே கூட்டு வழக்காக நடத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். ஆலிஸைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பேன்.

நம்ம பக்கமும் கொடுத்தவர்களுக்குக் குறைவில்லை. சவளை ராமசாமி முதலியார் கொடுத்த ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரி, ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி அரசு மருத்துவமனையோடு சேர்ந்து அரசு நடத்துவதால் ஓடுகிறது. தருமத்துக்குச் சொத்து எழுதிவைத்த பச்சையப்பர் 1794இல் இறந்தார்; உயில் கோர்ட்டில் கிடந்து, ஜார்ஜ் டவுனில் பள்ளி வந்தது 1842இல். 48 வருஷம்!

வண்ணாரப்பேட்டை வியாபாரிகள் அப்பா பேரில் டிரஸ்ட் ஆரம்பிக்கும்போது சறுக்குவதும் இப்படி, பிற்காலத்தில் நடத்த காசு வைக்கும் இடத்தில்தான். 1 கோடியை 7 சதவீதத்தில் போட்டால் வருஷம் 7 லட்சம். வரிவிலக்கு வேண்டுமானால் அதில் 85 சதவீதம், 5.95 லட்சம், செலவழித்தாக வேண்டும். அசலோடு சேருவது 1.05 லட்சம்தான். இன்று 50,000 ரூபாய் ஃபீஸில் 10 பிள்ளைகளைத் தாராளமாகப் படிக்க வைக்கலாம். ஃபீஸ் வருஷம் 7 சதவீதம் ஏறினால் பத்தாம் வருஷம் ஆறேழு பேருக்குத்தான் வரும். செலவழிக்காததைச் சேர்த்து வைக்க, எதற்கென்று குறிப்பிட்டு வருமான வரித் துறைக்குப் படிவம் கொடுத்தால் 5 வருஷம் அவகாசம் உண்டு. தேதி தவறினால் வரி விழும்.

இன்னொன்று: நன்கொடை தருபவரிடம் "இது கார்ப்பஸுக்கு" என்று, அதாவது தொடாமல் வைக்கும் அசலுக்கு என்று, எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லையென்றால் மொத்தத் தொகையும் அந்த வருஷ வருமானமாகி, அதற்கும் 85 சதவீதக் கணக்கு கேட்பார்கள்.