பிளாக்வால் சுரங்கத்துக்கு நான்கு பவுண்டா?

தேம்ஸ் நதிக்கு அடியில் வண்டிகள் போகும் இந்தச் சுரங்கத்தில் காலையில் வடக்கே போக 4 பவுண்டு. மாலையில் தெற்கே திரும்ப இன்னொரு 4 பவுண்டு. மின்வேலைக்குப் போய் வீடு திரும்ப நாளுக்கு 8 பவுண்டு தண்டம் அழுகிறேன். வயிறு எரிகிறது.

இந்த லண்டன் சுரங்கத்தின் வரலாறு தெரிந்தால் இன்னும் எரியும். 1877 சட்டத்துக்குப் பிறகு மேற்கே இருந்த தேம்ஸ் பாலங்களின் சுங்கம் ஒழிந்தது. அவற்றை விலைக்கு வாங்கிய செலவில் கிழக்கு லண்டன் மக்களின் வரிப்பணமும் இருந்தது. ஆனால் அவர்கள் பக்கம் ஒரு பாலம்கூட இல்லை. அந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகத்தான் 1897இல் பிளாக்வால் சுரங்கம் இலவசமாகத் திறக்கப்பட்டது. அதற்கே 2025 ஏப்ரல் 7 முதல் கட்டணம்! மேற்கே புட்னி பாலத்தில் போகிறவரிடம் யாராவது காசு கேட்கிறார்களா?

பக்கத்தில் புதிய சில்வர்டவுன் சுரங்கம் வந்திருக்கிறது, அதன் செலவை ஈட்ட வேண்டும், பழையதை இலவசமாக விட்டால் எல்லோரும் அதில்தான் முண்டியடிப்பார்கள் என்கிறார்கள். கணக்கு புரிகிறது. ஆனால் கணக்கு சரியாக இருந்தால் நியாயமும் சரியாகிவிடுமா?

வேறு வழியில் போகலாமே என்பார்கள். எந்த வழி? டவர் பாலத்தைக் கிழக்கே தாண்டிவிட்டால் நகருக்குள் வண்டிப் பாலமே கிடையாது. ரோதர்ஹித் சுரங்கத்தில் 2 மீட்டருக்கு மேல் உயரமான வண்டிக்கு அனுமதி இல்லை. கூரையில் ஏணி கட்டிய என் வேன் அங்கே நுழையாது. வண்டிகளை ஏற்றிச் செல்லும் உல்விச் படகு இலவசம்தான், வரிசையில் காத்திருக்க முடிந்தவர்களுக்கு. ரயிலில் போகச் சொல்லும் புண்ணியவான்கள் என் ஏணியையும் கம்பிச் சுருள்களையும் சுமந்து வரட்டும்.

சரி, காசு வாங்கியாயிற்று, வண்டியாவது நகர்கிறதா? பிளாக்வாலில் வடக்கு நோக்கிப் போகும் பழைய சுரங்கக் குழாயின் உயர வரம்பு 4 மீட்டர். வழியெல்லாம் எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும், எவனோ ஒருவன் அதைவிட உயரமான லாரியை ஓட்டி வந்துவிடுவான். அவனைத் திருப்பி அனுப்பும் வரை சிவப்பு விளக்கு, நாங்கள் எல்லோரும் நிற்க வேண்டும். குதிரைகள் தூரத்து வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு ஓடாதிருக்கத்தான் இதை வளைவுகளோடு கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. இன்று மிரண்டாலும் ஓட இடமேது?

அப்படி நின்ற நாளுக்கும் அதே 4 பவுண்டுதான். ஒரு பென்னி குறையாது.