டிபி முள் அசையவில்லை என்பது தண்ணீர் பிரிகிறது என்பதற்குச் சாட்சி ஆகாது

விமான எரிபொருள் ஃபில்டரில் டிபி (ஃபில்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) ஏறவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடும் பழக்கம் ஆபத்தானது. டிபி காட்டுவது தூசி அடைப்பை மட்டுமே.

ஃபில்டருக்குள் நீர்த்துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் பகுதிதான் கோலெசர். அதற்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி நார். நுண்ணிய நீர்த்துளி அதில் ஒட்டி, அடுத்த துளியோடு சேர்ந்து பருத்து, கனம் தாங்காமல் அடியிலுள்ள தொட்டியான சம்ப்பில் இறங்கும். தப்பியதை டெஃப்லான் பூசிய செப்பரேட்டர் வலை தடுக்கும். சோப்பு போல நடந்துகொள்ளும் சர்ஃபாக்டன்ட் அந்த நாரில் படிந்துவிட்டால் துளி ஒட்டாது, பருக்காது. பொடிப்பொடியாக எரிபொருளோடே போய்விடும். அடைப்பு எதுவும் இல்லையே, முள் எப்படி அசையும்?

எரிபொருளில் கலக்கும் சேர்மானங்கள் எல்லாம் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. துருத் தடுப்பான் உலோகத்தில் ஒட்டுவதற்காகவே செய்யப்பட்டது. கண்ணாடி நாரையும் விடாது. ராணுவ விமானங்களுக்கான பிளஸ் 100 சேர்மானம் லிட்டருக்கு 256 மில்லிகிராம் வரை போகிறது. படிவுகளைக் கலைத்து வைப்பதுதான் அதன் வேலை என்பதால் சாதாரண கோலெசர் அதன் முன் நிற்காது. எரிபொருளில் உள்ள தண்ணீர் பனியாக உறையாமல் காக்கும் உறைதடுப்பானின் சிக்கல் வேறு. அது தண்ணீரை நாடிப் போகும். தண்ணீரை உறிஞ்சும் பாலிமர் வைத்த மானிட்டர் என்ற ஃபில்டர் வகையில் சேர்ந்தால் ஜெல்லியாகிவிடும். உறைதடுப்பானையும் இந்த மானிட்டரையும் ஒரே எரிபொருள் வழியில் வைக்கவே கூடாது.

எரிபொருளிலிருந்து தண்ணீர் எவ்வளவு எளிதாகப் பிரிகிறது என்று மதிப்பெண் தருவது எம்செப் சோதனை. அதில் நிலைமின் தடுப்பான் (மின்கடத்துத்திறனைக் கூட்டி நிலைமின்சாரம் சேராமல் காக்கும் சேர்மானம்) கலக்காத எரிபொருளுக்குக் குறைந்தபட்சம் 85, கலந்ததற்கு 70. அந்தச் சேர்மானமே எண்ணைக் கீழே இழுக்கும் என்பதால்தான் இந்தச் சலுகை. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும் எண் சரிந்துகொண்டே வந்தால், 70-க்கு மேல்தானே என்று விடாமல் குழாயையும் டேங்கையும் பாருங்கள்.

சம்ப்பைத் தினமும் அழுத்தத்தில் வைத்தே திறந்து, கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் வலைபோல ஒரு படலம் தெரிந்தால் சர்ஃபாக்டன்ட் வந்துவிட்டது. தண்ணீர் இருந்தால் நிறம் மாறும் கேப்ஸ்யூல் வழியாக 5 மில்லி எரிபொருளை இழுத்துப் பார்க்கும் சோதனையை, எரிபொருள் முழு வேகத்தில் ஓடும்போது செய்யுங்கள். மெதுவாக ஓடினால் செயலிழந்த கோலெசரிலும் தண்ணீர் தானாகவே அடியில் தங்கி, நல்ல பெயர் வாங்கிக்கொடுத்துவிடும்.

கெட்ட கோலெசரைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். செப்பரேட்டரைச் சுத்தமான எரிபொருளால் கழுவி, தண்ணீர் விட்டுப் பாருங்கள்: தாமரை இலைத் தண்ணீராக உருண்டால் போடலாம், பரவி நனைத்தால் வேண்டாம். மூலத்தில் அழுக்கு இருந்தால் புது எலிமென்ட்டும் அதே கதிதான். களிமண் ஃபில்டர் சர்ஃபாக்டன்டைப் பிடிக்கும், கூடவே நிலைமின் தடுப்பானையும் பிடித்துவிடும். அதனால் களிமண்ணைத் தாண்டிய எரிபொருளின் மின்கடத்துத்திறனை மறுபடி அளந்து, மீட்டருக்கு 50 முதல் 600 பிகோசீமன்ஸுக்குள் வருமாறு அந்தத் தடுப்பானின் அளவைச் சரிசெய்த பிறகே அனுப்புங்கள்.