முகேஷ் நடிகர் இல்லைங்க

படத்துக்கு நடுவுல புகையிலை எதிர்ப்பு விளம்பரத்துல வருவாரே முகேஷ், அவர் குரலை வெச்சுப் பண்ணின அந்தக் கேலி வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். மாப்பிள்ளையைக் கலாய்க்க அந்தக் குரல்தான் கிடைச்சுதான்னு ஒரு வருத்தம் இருந்தது, அதைக்கூட விட்டுடலாம். கீழே ஒரு கமென்ட் பார்த்தீங்களா? "இந்தக் கருமத்தை எல்லாம் டிவியிலேர்ந்து எடுங்கப்பா, சோறு இறங்க மாட்டேங்குது." அதுக்கு அத்தனை ஹார்ட். மனசு ஆறவே இல்லை.

முகேஷ் நடிகர் இல்லைங்க. முகேஷ் ஹரானே, மகாராஷ்டிரத்துல பூசாவல் ஊர்க்காரர். குட்கா போட்டதால வாய்ப்புற்று வந்து மும்பை டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியில சிகிச்சையில இருந்தார். ஆபரேஷனுக்கு முன்னாடி, இனிமே பேச முடியாம போகலாம்னு அவரே கேமரா முன்னாடி சொன்னதுதான் நீங்க பார்த்தது. 2009-ல இறந்தார். வயசு 24. தமிழ்ல நாம கேட்டது டப்பிங் குரல். முகம் அவரோடது. அந்த மூக்குக் குழாய் நிஜம்.

அவருக்கு அப்புறம் அதே மாதிரி விளம்பரத்துல வந்த சுனிதா தோமரும் நடிகை இல்லை. மத்தியப் பிரதேசம், 28 வயசு, ரெண்டு குழந்தைங்களோட அம்மா. புகையிலைப் பாக்கெட்ல 85% இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போடணும்ங்கிற விதி 2015 ஏப்ரல் 1-ல அமலுக்கு வர வேண்டியது, தள்ளிப் போட்டாங்க. அது தப்புன்னு பிரதமருக்குக் கடிதம் எழுதின பெண் அவங்க. அதே ஏப்ரல் 1 அன்னைக்கு இறந்தாங்க. விதி சரியா ஒரு வருஷம் கழிச்சு 2016 ஏப்ரல் 1-ல வந்தது.

"பார்க்கவே கஷ்டமா இருக்கு"ன்னு சொல்றீங்க. ஆமா, கஷ்டமாத்தான் இருக்கும். பார்க்கிறவங்க மனசு பதறணும்னுதான் எடுத்திருக்காங்க. இன்னொரு விளம்பரத்துல நுரையீரலை ஸ்பாஞ்ச் மாதிரி பிழிஞ்சு தார் எடுப்பாங்களே, அதோட மூலம் 1979-ல ஆஸ்திரேலியாவுல வந்த விளம்பரம். இத்தனை வருஷமா ஊர் ஊரா அதையே மறுபடி எடுக்கிறாங்கன்னா, "புகை பிடிக்காதீர்கள்"ன்னு எழுதி வெச்சா எவனும் படிக்கிறதில்லைங்கிறதுதான் காரணம்.

யாரோ ஒரு சேனல்காரர் இஷ்டத்துக்குப் போடுறதும் இல்லை இது. 2012 அக்டோபர் 2 முதல் அமல்ல இருக்கிற விதி: புகையிலைக் காட்சி இருக்கிற படம், நிகழ்ச்சின்னா ஆரம்பத்துலயும் நடுவுலயும் குறைஞ்சது 30 விநாடி விழிப்புணர்வுப் படம், 20 விநாடி எச்சரிக்கை, காட்சி ஓடும்போது அடியில வாசகம். 2023 செப்டம்பர் 1-லேர்ந்து ஓடிடிக்கும் உண்டு. கோபம் வந்தா ஒரு விஷயத்தை யோசிங்க. படத்துல ஹீரோ சிகரெட்டைப் பத்த வெக்கலைன்னா அந்த விளம்பரமே வராது. ஹீரோ பத்த வெக்கும்போது விசில், விளைவைக் காட்டினா "கருமம்".

"எங்க வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க, பயப்படுறாங்க"ன்னு ஒருத்தர் வருவார். பயப்படட்டும்னு நான் சொல்லலை. பக்கத்துல உட்கார்ந்து, அந்த அண்ணன் வாயில புண்ணு வந்துடுச்சு, புகையிலை போட்டதால வந்ததுன்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. பள்ளிக்கூட வாசல்ல கூல் லிப்ங்கிற புகையிலைப் பொட்டலம் விக்குதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2024-ல கவலைப்பட்டது. அந்தப் பொட்டலத்தைப் பார்த்து பசங்க பயப்படலையே, அது உங்களுக்கு உறுத்தலையா?

"ஒரே வருஷம் குட்கா போட்டா கேன்சர் வருமா, சும்மா மிகைப்படுத்தறாங்க"ன்னு இன்னொருத்தர். பொதுவா பல வருஷம் ஆகும், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு வருஷம்தான் போட்டேன்னு விளம்பரத்துல வர்றது, முகேஷ் தன் உடம்பைப் பத்திச் சொன்னது. செத்துப் போன பையன் கிட்ட கணக்கு கேட்காதீங்க.

"நான் சிகரெட்டே பிடிக்கிறதில்லை." அப்படியே இருங்க. 2016-17-ல எடுத்த தேசியக் கணக்கெடுப்புப்படி நாட்டுல புகைக்கிற பெரியவங்க 10.7%, மெல்லுற, அதக்குற பழக்கம் இருக்கிறவங்க 21.4%. ரெண்டு மடங்கு. மாவா, ஹான்ஸ், வெத்தலையோட புகையிலைன்னு நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு. ஆயாவோட சுருக்குப் பையிலயும் இருக்கு.

ஒரே ஒரு ஆட்சேபணைக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்லை. வீட்டுலயே வாய்ப்புற்று நோயாளி படுத்திருக்கார், ஹால்ல டிவி ஓடுது, அந்த முகம் வருது. ரிமோட்டைத் தேடுறதுக்குள்ள 30 விநாடி முடிஞ்சு போகுது. அந்தக் குடும்பம் "போடாதீங்க"ன்னு சொன்னா தலை குனிஞ்சு கேட்டுக்கிறேன். ஆனா அந்தக் கமென்ட் போட்டவர் அந்தக் குடும்பம் இல்லை. அவருக்குச் சோறு இறங்கலை, அவ்வளவுதான்.

சோறு இறங்காததுன்னா என்னன்னு சொல்றேன். பொட்டலத்தைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல அதக்கி வைக்கிறாங்க. சுண்ணாம்பு சேர்ந்தா காரத்தன்மை ஏறி, நிக்கோட்டின் சீக்கிரம் ரத்தத்துல கலக்கும், உள்தோலும் புண்ணாகும். அந்தப் புண்ணு மேல புகையிலையில இருக்கிற புற்றுநோய் நச்சு மணிக்கணக்கா ஊறும். பாக்கு தனியா இன்னொரு வேலை பண்ணும். கன்னத்தோட உள்பக்கத்தை நார் நாரா இறுக்கிடும். முதல்ல ரசம் பட்டாலே எரியும். அப்புறம் வாய் திறக்கிறது குறைஞ்சுகிட்டே வரும். புற்று வந்து தள்ளிப் போனா தாடை எலும்புல ஒரு பகுதி, கழுத்துல நெறிக்கட்டின இடம் எல்லாம் எடுக்கணும். எடுத்த பள்ளத்தை மார்புச் சதையோ தொடைச் சதையோ வெச்சு மூடுவாங்க. சிலருக்கு மூச்சு விட தொண்டையில துளை, சாப்பிட மூக்குக் குழாய். அப்புறம் வாரத்துக்கு 5 நாள் வீதம் சுமார் 6 வாரம் கதிர்வீச்சு, எச்சில் வத்திப் போயிடும். இட்லியைக் கரைச்சு குழாய்ல விடுறாங்களே, அவங்களுக்குத்தான் சோறு இறங்கலை.

இவ்வளவு பேர் இவ்வளவு லேட்டா வர்றதுக்குக் காரணம், ஆரம்பத்துல அது வலிக்காது. வலிக்காத புண்ணுக்கு யார் டாக்டர் கிட்ட போவாங்க? அதனால வீடியோ ஷேர் பண்ணின கையோட ஒரு வேலை பண்ணுங்க. வாய் கொப்பளிச்சுட்டு, கண்ணாடி முன்னாடி செல்போன் டார்ச் அடிச்சு நில்லுங்க. உதட்டை மடக்கிப் பாருங்க. கன்னத்தை விரலால இழுத்து ஈறு மடிப்பு வரைக்கும் பாருங்க. நாக்கை நீட்டி ரெண்டு ஓரமும், தூக்கி அடிப்பக்கமும். மேலண்ணம். கடைசியா கழுத்தைத் தடவி கட்டி இருக்கான்னு பாருங்க. சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண் இதுல எது இருந்தாலும் பல் டாக்டர் கிட்டயாவது போயிடணும். வெள்ளையை விட சிவப்பு ஆபத்து. மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடுங்க, நுழையலைன்னா அன்னைக்கே போங்க.

உண்மையிலேயே பார்க்கச் சகிக்காத விளம்பரம் எதுன்னு கேட்டா நான் ஏலக்காய் விளம்பரத்தைச் சொல்வேன். கோட்டு சூட்டு, பெரிய பெரிய நடிகர்கள், கிரிக்கெட் நடுவுல ஓவருக்கு ஓவர். விக்கிறது ஏலக்காயாம், பேர் மட்டும் பான் மசாலா, புகையிலை விக்கிற கம்பெனியோட பேர். 2003-ஆம் வருஷப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோட 5-ஆம் பிரிவு புகையிலைக்கு மறைமுக விளம்பரமும் கூடாதுங்குது. மக்கள் திட்டின திட்டுல அக்‌ஷய் குமார் 2022-ல மன்னிப்புக் கேட்டு விலகினார். அமிதாப் பச்சன் அதுக்கு முந்தின வருஷமே ஒரு பான் மசாலா விளம்பரத்திலேர்ந்து விலகினார். திட்டினா வேலை நடக்குதுல்ல? அந்தக் கமென்ட்ல வந்த கோபம் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். சிரிக்கிற நடிகரைப் பார்த்து சோறு நல்லா இறங்குது. 24 வயசுப் பையனைப் பார்த்தாதான் இறங்க மாட்டேங்குது.

வீடியோ பண்ணின தம்பிக்கு: உன் மேல வன்மம் எதுவும் இல்லை. அவர் நிஜ மனுஷன்னு உனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். இப்ப தெரிஞ்சுடுச்சு. எடுத்துடு.

விட நினைக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, 1800-11-2356. காசில்லாத நம்பர்.