கே சும்மா நிற்கவில்லை

"நைஃப் (knife), நைட் (knight), நீ (knee) எல்லாவற்றிலும் முதலில் வரும் கே (k), வெள்ளைக்காரன் அழகுக்காகச் சேர்த்தது, யாரும் உச்சரித்ததே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. பழைய ஆங்கிலத்தில் அந்தக் கே நன்றாகவே ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பேச்சில் தேய்ந்தது. அதற்குள் அச்சில் ஏறிவிட்டதால் எழுத்து மட்டும் தங்கிவிட்டது. ஜெர்மானியர் இன்றும் முழங்காலை 'க்னீ' என்றுதான் சொல்கிறார்கள்.

பொருள்தான் இன்னும் சுவை. செஸ்ஸில் நாம் குதிரை என்கிற காய்க்குப் பெயரான நைட், முதலில் வெறும் பையன், ஏவலாள். பிறகுதான் குதிரைவீரன் ஆனான். அயோக்கியனைக் குறிக்கும் நேவ் (knave) என்பதும் தொடக்கத்தில் பையன்தான். ஒருவனுக்கு ஏற்றம், இன்னொருவனுக்கு இறக்கம்!

சைக்காலஜியின் (psychology) முதலெழுத்தான பி (p) கிரேக்கத்திலிருந்து வந்தது, அங்கே இப்போதும் ஒலிக்கிறது. சரி, கடனைக் குறிக்கும் டெட்டின் (debt) நடுவே உள்ள பி (b) மட்டும் லத்தீனைப் பார்த்துப் பின்னால் செருகியதுதான்.

மயிலாப்பூரில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் டிக்டேஷனில் கேயை விட்டுவிடுவார்கள். 'க்னைஃப்' என்று சொல்லிப் பழக்கினேன். சிரித்துக்கொண்டே சரியாக எழுதுகிறார்கள்.