விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொன்னா உடனே சிபியூவை மாத்தாதீங்க

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. அன்றிலிருந்து சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால் கேட்கிற வசனம், "இதுல 11 ஏறாது சார், புதுசு போட்டுடுங்க." சில சிஸ்டத்துக்கு அது உண்மை. பலவற்றில் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை செட்டிங் மெனு) ஒரு செட்டிங் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

செட்டிங்கில் சரிசெய்ய முடியாதது முக்கியமாக பிராசசர்தான். இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை. அதற்குக் கீழே பேச்சே இல்லை. அதற்கு மேல் இருந்தும் "டிபிஎம் 2.0 இல்லை" (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப் வசதி) என்று வந்தால், சிஸ்டத்தை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். எனேபிள் செய்தால் போதும். இதற்கென்று தனி டிபிஎம் மாட்யூல் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வேலையைச் செய்யும் சங்கதி உள்ளேயே இருக்கிறது.

சிக்கல், 11 கேட்கிற இன்னொரு செட்டிங்கான செக்யூர் பூட்டில்தான் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் காவல்). அசெம்பிள் செய்த பல சிஸ்டங்களில் ஹார்ட் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருக்கும்; செக்யூர் பூட்டுக்குப் புதிய ஜிபிடி முறை வேண்டும். அதைப் பார்க்காமல் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் பூட் ஆக விடும் செட்டிங்) அணைத்தால் விண்டோஸ் பூட்டே ஆகாது. உடனே "ஃபார்மேட் அடிக்கணும்" என்பார்கள். தேவையில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டிஸ்க் 0-வின் ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் பக்கத்தில் பார்ட்டிஷன் ஸ்டைல் என்னவென்று பாருங்கள். எம்பிஆர் என்றால், டேட்டாவை அழிக்காமல் ஜிபிடிக்கு மாற்றும், விண்டோஸோடே வரும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓட்டலாம். முதலில் வேலிடேட் (மாற்ற முடியுமா என்ற சோதனை), அது பாஸானால் கன்வெர்ட். அதன்பிறகே பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்து யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறைக்கு மாறணும்.

வேலிடேட் பெயிலாக நம்ம ஊர் வழக்கமே காரணமாகிவிடும். சி, டி, இ என்று பிரித்து வைப்போம்; விண்டோஸ் தானாக ஒதுக்கும் சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனையும் சேர்த்தால் நாலு. அந்தக் கட்டளை மூன்று பிரைமரி பார்ட்டிஷன் வரைதான் ஏற்கும், லாஜிக்கல் டிரைவ் இருந்தாலும் மறுக்கும். இ டிரைவை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிட்டு அந்தப் பார்ட்டிஷனை அழித்தால் பெரும்பாலும் வழி திறக்கும்.

பயாஸைத் தொடுமுன் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க ரிகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். டிபிஎம் மாறியதும் அதைத்தான் கேட்கும்; கீ இல்லையென்றால் டேட்டாவை மறந்துவிட வேண்டியதுதான். பயாஸ் அப்டேட் என்றால் யுபிஎஸ் கட்டாயம். பாதியில் கரன்ட் போனால் போர்டு செத்தாலும் செத்துவிடும்.

கோடவுன் தெரு மாதிரி மொத்த வியாபாரக் கடைகளில் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங் இன்னும் ஓடினால் 11 பக்கமே போகாதீர்கள். 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 16 பிட் மென்பொருள் திறக்காது. அந்த ஒரு சிஸ்டத்தை நெட் வயரைப் பிடுங்கிவிட்டு அப்படியே விடுவது நல்லது.

7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் வைத்திருப்போருக்கு இஎஸ்யூ என்ற, விண்டோஸ் 10-க்கான கூடுதல் கால அப்டேட் திட்டம் இருக்கிறது. 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வரும். 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டும் வேண்டும். செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். ஒரே அக்கவுன்ட்டில் 10 சிஸ்டம் வரை சேர்க்கலாம். டொமைனில் (ஆபீஸ் சர்வர் நிர்வகிக்கும் நெட்வொர்க்) சேர்ந்த ஆபீஸ் சிஸ்டத்துக்கு இது செல்லாது.

பென் டிரைவில் இன்ஸ்டாலர் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளை வைத்து பிராசசர், டிபிஎம் சோதனையைத் தாண்டி 11 ஏற்றுவதை வீட்டு கேமிங்குக்கு வேண்டுமானால் செய்யலாம். ஆடிட்டர் ஆபீஸில் செய்வது என் பார்வையில் வம்பு. வருடாந்தரப் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்றணும். பழைய கோர் 2 டியோ பிராசசரில் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது.

முறையாக ஏற்றியபின் டேலியோ பிரின்டரோ தகராறு செய்தால் 10 நாளுக்குள் ரிகவரியில் கோ பேக் கொடுத்துப் பழையதுக்குத் திரும்பலாம். அதுவரை சி டிரைவில் இடம் அடைக்கிறதே என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ் டாட் ஓல்டு ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள்.