கன்னியாவின் ஏழு கிணறும் ஒரு காப்புரிமைப் படிவமும்

போன மாதம் எனக்கு மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. திருகோணமலையில் வீட்டிலிருந்தபடியே நான் வேலை செய்து கொடுக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அனுப்பியது. அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார்கள், கண்டுபிடிப்பாளர்கள் மூன்று பேரில் நானும் ஒருவன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அம்மாவிடம் சொன்னேன். கோணேசர் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வருகிறேன் என்று அப்போதே கிளம்பிவிட்டார். நான் படிவத்தை வாசித்தேன். இதன் மூலக் கண்டுபிடிப்பாளர்களில் நானும் ஒருவன் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

நான் செய்த வேலை இதுதான். ஒரே சேர்வரில் பல வாடிக்கையாளர்களின் மென்பொருள் ஓடுகிறது. ஆளுக்கொரு கன்டெய்னர். எல்லோருக்கும் பொதுவான கோப்புகள் கீழ்த் தட்டில், வாசிக்க மட்டும். அவரவர் செய்யும் மாற்றங்கள் மேல் தட்டில், தனித்தனியாக. எழுதியது நான்தான். நன்றாக எழுதினேன் என்றும் சொல்வேன். ஆனால் கண்டுபிடித்தேனா?

கன்டெய்னர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் கன்னியாவைத்தான் காட்டுவேன். அனுராதபுரம் வீதியால் போய் உள்ளே திரும்பினால் வருகிற அதே வெந்நீர்க் கிணறுகள்தான். ஏழு கிணறு. நிலத்துக்கு அடியில் வருகிற சூடு எல்லாவற்றுக்கும் பொது. மேலே ஒவ்வொன்றுக்கும் சதுரமாகச் சுவர் கட்டிப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றில் வாளியை விட்டு அள்ளி ஊற்றினால் இதமாக இருக்கும், நாலடி தள்ளிப் போய் அடுத்ததில் அள்ளினால் தோள் சுள்ளென்று எரியும். கன்டெய்னரும் அப்படித்தான். இயங்குதளத்தின் மையமான கேர்னல் என்ற அடிநிலம் ஒன்று, மேலே சுவர்கள் தனி. ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியைப் போல ஓடும் வர்ச்சுவல் மெஷின் வேறு. அது ஆளுக்கொரு காணி வாங்கி ஆளுக்கொரு குழாய்க்கிணறு அடிப்பது மாதிரி. பாதுகாப்பு கூட, செலவும் கூட.

படிவம் வந்த பிறகு இந்தத் துறையில் வேறு யார் என்ன காப்புரிமை வைத்திருக்கிறார்கள் என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். ட்ரைஜென்ஸ் என்ற கனடா நிறுவனம் 2003 செப்டெம்பரில் முதல் விண்ணப்பத்தைப் போட்டு, 2009 ஏப்ரலில் பெற்ற ஒன்று கிடைத்தது. இலக்கம் 7519814. மென்பொருட்களை அவற்றுக்கு வேண்டிய சிஸ்டம் கோப்புகளுடன் ஒரு கன்டெய்னரில் கட்டி, உள்ளே கேர்னல் வைக்காமல், வேறு வேறு இயங்குதளம் உள்ள சேர்வர்களில் ஓட்டுவது பற்றியது. அந்தக் காப்புரிமை பிறகு வர்ட்டாமூவ் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்து, 2024இல் அமேசான், கூகுள், ஐபிஎம், ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் எல்லோர் மீதும் டெக்சாஸில் வழக்குப் போட்டார்கள்.

வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தபால் கந்தோர் வீதியில் ஒரு கடையின் மேல்மாடியில், 2011இல், நானும் கூட வேலை செய்த அண்ணா ஒருவரும் இதைத்தானே ஒரே இரவில் செய்து முடித்தோம்? ஏழு கடைகளின் பில் போடும் மென்பொருள், ஒரு பழைய சேர்வர். ஒரு கடைக்காரர் புதிய பதிப்பு கேட்டால் மற்ற ஆறு பேருக்கும் உடைந்துவிடும். அதனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு கோப்புறை, அதற்குள் அந்தக் கடைக்கு வேண்டிய லைப்ரரிகள் என்ற துணை நிரல்கள், வெளியே உள்ள கோப்புகள் தெரியாதபடி ஒரு கோப்புறைக்குள் மென்பொருளை அடைக்கும் சிஎச்ரூட் (chroot) கட்டளையைப் போட்டுப் பூட்டிவிட்டோம். கன்டெய்னர் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அதை அறை என்றோம். ‘மூன்றாம் அறை படுத்துவிட்டது’ என்றால் எந்தக் கடை என்று இருவருக்கும் புரியும்.

இதைச் சித்தியின் மகளிடம் சொன்னேன். சட்டம் படித்தவள். குடும்பத்தோடு கன்னியாவுக்குப் போயிருந்தோம், பிள்ளைகள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, நீங்கள் எந்த வருசம் செய்தனீங்கள்?”

“2011.”

“அப்ப அது 2003ஐப் பற்றி ஒண்டும் சொல்லாது. எட்டு வருசம் பிந்தித் தெரிஞ்சதை வைச்சு, அண்டைக்கே தெரியும் எண்டு சொல்லுறீங்கள்.”

அவள் சொன்னது முற்றிலும் சரி. நம்மில் பலர் விடுகிற பிழையும் இதுதான். விடை தெரிந்த பிறகு எந்தக் கணக்கும் சுலபம். ‘இது யாருக்கும் தோன்றுவதுதானே’ என்று இன்று சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. விண்ணப்பித்த நாளில், அந்தத் தொழில் தெரிந்த சாதாரண ஆளுக்குத் தோன்றியிருக்குமா என்பதுதான் கேள்வி. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதையே கேட்கிறது. புதியதாக இருந்தால் மட்டும் போதாது, துறையில் சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தெரிகிற படியாகவும் இருக்கக்கூடாது.

சாதாரணத் தேர்ச்சி உள்ள ஒருவர் என்றால் யார்? எங்கள் ஊரில் அவருக்குப் பெயரே உண்டு, பாஸ். மேசன் பாஸ் பட்டம் வாங்கியவர் இல்லை, ஆனால் சுவரைப் பார்த்தே எங்கே ஈரம் ஏறுகிறது என்று சொல்வார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இலேயே இந்த ஆளைப் பற்றிப் பேசியிருக்கிறது. மரத்திலும் உலோகத்திலும் செய்த கதவுக் குமிழை ஒருவர் களிமண்ணில் செய்து காப்புரிமை வாங்கினார். ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் என்ற வழக்கு. பொருளை மாற்றுவது தேர்ந்த கைவினைஞரின் வேலை, கண்டுபிடிப்பாளரின் வேலை ஆகாது என்று தீர்த்தார்கள். பிறகு 2007இல் கேஎஸ்ஆர் எதிர் டெலிஃப்ளெக்ஸ். ஏற்கனவே இருந்த மிதியையும் ஏற்கனவே இருந்த உணரியையும் சேர்த்த ஒரு வாகன மிதி பற்றியது. அதில் நீதிபதி கென்னடி எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரணத் தேர்ச்சி உள்ளவர் என்பவர் இயந்திரம் இல்லை, அவருக்கும் சாதாரணக் கற்பனை உண்டு என்றார். எந்தப் புத்தகத்திலாவது இரண்டையும் சேர் என்று எழுதியிருந்தால்தான் பாஸ் சேர்ப்பார் என்று நினைப்பது பாஸை அவமதிப்பதுதானே.

ஐரோப்பாவில் வேறு மாதிரி கேட்பார்கள். செய்திருக்க முடியுமா என்று கேட்பதோடு நிற்க மாட்டார்கள், செய்திருப்பாரா என்று கேட்பார்கள். மேசன் பாஸால் பலதும் முடியும். அந்தப் பிரச்சினை கையில் இருக்கும்போது எதை நோக்கிக் கை போயிருக்கும் என்பதே அளவு. இது நேர்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது.

சரி, 2003இல் பாஸின் மேசையில் என்ன இருந்தது? சிஎச்ரூட் 1979இல் யுனிக்ஸ் இயங்குதளத்தின் 7ஆம் பதிப்பில் வந்துவிட்டது. 2000 மார்ச்சில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 4.0 பதிப்பு வந்தபோது ஜெயில் என்ற கட்டளையும் வந்தது. பலருக்குச் சேர்வரில் இடம் வாடகைக்கு விடும் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் தேவைக்காக பூல்-ஹென்னிங் காம்ப் எழுதியது. அதற்குக் கொடுக்க வேண்டியவை நான்கு: ஒரு கோப்புறை, ஒரு ஹோஸ்ட் பெயர், ஒரு ஐபி முகவரி, ஓட வேண்டிய கட்டளை. அவ்வளவுதான். தனிக் கோப்புகள், தனிப் பெயர், தனி முகவரி, பொதுவான கேர்னல். அடுத்த வருடமே லினக்ஸ் இயங்குதளத்துக்கு இதே மாதிரி விசேர்வர் வந்தது. நாங்கள் 2011இல் பார்த்துச் செய்ததே இந்த ஜெயில் கையேட்டின் பிரதியைத்தான். அந்த அண்ணா யாரிடமோ வாங்கி வந்த அச்சுப்பிரதி, ஓரமெல்லாம் தேநீர்க் கறை. ஆக, தங்கச்சிக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய சாட்சி எங்கள் ஒரு இரவு வேலை இல்லை. அந்தக் கையேடுதான்.

என் கருத்து இது: ஜெயில் தெரிந்த ஒருவர் 2003இல், அந்தக் கோப்புறையைக் கட்டி இன்னொரு சேர்வருக்குக் கொண்டுபோக நினைப்பது கைவேலை. அந்த ட்ரைஜென்ஸ் காப்புரிமையில் தங்களுடையது என்று கேட்டிருக்கிற எல்லாக் கோரிக்கையும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடைபோட வேண்டும். ஆனால் நடுவில் இருக்கிற எண்ணம் தொழிலாளியின் மேசையில் ஏற்கனவே கிடந்தது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி இருக்கிறது, அதை மழுப்பிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எல்லாம் 2000இலேயே இருந்தது என்றால் கன்டெய்னர்களைக் கட்டி ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் 2013இல் வந்தபோது ஏன் எல்லோரும் அப்படி வாய் பிளந்தோம்? அதன் பாகங்கள் எல்லாம் பழையவை. ஒவ்வொரு மென்பொருளும் கணினியில் எவ்வளவு எடுக்கலாம் என்று அளவு போடும் சிகுரூப்ஸ் 2008இல் லினக்ஸ் கேர்னலுக்குள் வந்தது, கூகுள் ஆட்கள் 2006இல் தொடங்கிய வேலை. ஒன்றுக்கு மற்றது தெரியாமல் மறைக்கும் நேம்ஸ்பேஸ் 2002இலிருந்து துண்டு துண்டாக வந்தது. சேர்த்ததுதான் புதிது. வணிக வெற்றி, நெடுநாள் தேவை, மற்றவர்கள் முயன்று தோற்றது என்பவற்றையும் நீதிமன்றங்கள் கணக்கில் எடுக்கும், அதற்கும் நியாயம் உண்டு. நான் பல நாள் யோசித்து வந்த இடம்: டாக்கரின் பெருமை, கடினமாக இருந்ததை இரண்டு கட்டளைகளில் எல்லோர் கையிலும் கொடுத்தது, அதுவும் மூலநிரலைத் திறந்துவிட்டு. அதற்குப் புகழ் கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம். வேறு யாரும் 20 வருடம் தொடக்கூடாது என்று வேலி போடும் உரிமை வேறு விஷயம்.

இப்போது என் படிவத்துக்கு வருகிறேன். அடுக்கடுக்காகக் கோப்பு வைப்பது டாக்கரிலேயே இருந்தது. தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே கோப்புறையாகக் காட்டும் ஓவர்லே முறை 2014 கடைசியில் லினக்ஸின் 3.18 கேர்னலோடு எல்லோருக்கும் வந்துவிட்டது. நான் அதை எடுத்து வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்தேன். பாஸ் வேலை. அமெரிக்க விதிப்படி, கண்டுபிடிப்பாளர் தனக்குத் தெரிந்த, பரிசீலனைக்கு முக்கியமான பழைய வேலைகளைக் காப்புரிமை அலுவலகத்துக்கு மறைக்கக்கூடாது. அதனால் கையெழுத்துக்குப் பதிலாக, நான் எங்கெங்கே பார்த்துக் கற்றேன் என்று எழுதி அனுப்பினேன். ஜெயில் கையேடு, டாக்கர் ஆவணங்கள், ஓவர்லே பற்றிய கேர்னல் குறிப்பு எல்லாம். மேலாளர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் ‘இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எழுத்தில் தரத் தேவையில்லை’ என்றார். எனக்கு அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. பரிசீலகரும் மனிதர்தான். அவர் தேடுவது பெரும்பாலும் பழைய காப்புரிமைகளையும் கட்டுரைகளையும். கையேட்டிலும் ஸ்கிரிப்டிலும் மடற்குழுக்களிலும் கிடக்கிற தொழிலறிவு அவர் கண்ணில் படாவிட்டால், தெரிந்தது எல்லாம் புதிதாகத்தான் தெரியும். தெரிந்தவர்களும் வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

இதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. எங்கள் மேல்மாடி வேலை சட்டத்தின் கணக்கில் இல்லவே இல்லை. பூட்டிய அறைக்குள் செய்து ஒருவருக்கும் சொல்லாதது, முன்பே தெரிந்த வேலை என்று சட்டம் எடுக்கிற முன்னறிவு ஆகாது. பொதுமக்களுக்குத் தெரியும்படி வெளிவந்திருக்க வேண்டும், எழுத்தாலோ, பேச்சாலோ, பயன்பாட்டாலோ. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனை பொடியன்கள் எத்தனை நல்ல வேலை செய்து, அந்தக் கணினியோடு சேர்த்து இரும்புக்கடைக்கு அனுப்பியிருப்பார்கள். நாளைக்கு யாராவது அதே வேலைக்கு வேலி போட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது.

அந்த அண்ணா இப்போது கனடாவில். நேற்று இரவு அவரை அழைத்துச் சம்மதம் கேட்டேன். அந்த அலுவலகம் மூடி வருடக்கணக்காகிறது, ஸ்கிரிப்ட் எங்கள் இருவருடையதுதான். பழைய வன்தட்டில் தேடி எடுத்து, கடைகளின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் மட்டும் நீக்கி, இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் இன்றைய தேதியோடு ஏற்றிவிட்டேன். 2011க்கு அது உதவாது, இன்றைக்குப் பிறகு வருவதற்கு உதவும். நடுவில் அவர் எழுதிய ஒரு குறிப்பை அப்படியே விட்டிருக்கிறேன்: ‘மூன்றாம் அறையின் கதவைக் கடைசியாகப் பூட்டு, இல்லாவிட்டால் மற்ற ஆறும் எழும்பாது.’ ஏன் என்று இருவருக்கும் மறந்துபோய்விட்டது. உங்களிடமும் இப்படி ஏதாவது வன்தட்டில் கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள், ஏற்றுவதற்கு நான் கூட இருந்து உதவுகிறேன்.