பதினெட்டுப் பின்னுக்கு ஒரு துண்டுச்சீட்டு கிடையாதா?

திரைக்குப் பின்னால் மூன்று நிற விளக்கு (பேக்லைட்) கொண்ட, வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் ஒரு 16×2 டிஸ்ப்ளேயை விற்பவர், எந்தப் பின் (ஒயர் இணைக்கும் முனை) எதற்கு என்று நான்கு வரி அச்சிட்டுக் கையில் கொடுக்க மாட்டாரா? இரண்டு வாரமாக இதை நினைத்து நினைத்து வயிறு எரிகிறது.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். முட்டி வலியோடு அம்மா சம்ப் மூடியைத் தூக்கிக் குனிந்து பார்ப்பதைச் சகிக்க முடியாமல்தான், ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையும், ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்து அடுப்படிச் சுவரில் நீர்மட்டம் காட்டும் கருவியைச் செய்யத் தொடங்கினேன். நிறைந்திருந்தால் பச்சை, பாதியென்றால் நீலம், தீரப்போகிறதென்றால் சிவப்பு. கண்ணாடி போடாமலேயே அம்மாவுக்கு நிறம் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் வண்ண டிஸ்ப்ளே வேண்டியிருந்தது. வீட்டில் கிடந்த பழைய சாதாரண டிஸ்ப்ளேயில் நிரலை முன்பே ஓட்டிப் பார்த்திருந்தேன். இந்த டிஸ்ப்ளேக்களில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு எட்டு இடம்தான் உண்டு; ஒவ்வொன்றும் 5×8 புள்ளி. ‘ண’வின் மூன்று சுழி ஐந்து புள்ளி அகலத்துக்குள் அடங்காது என்பதால் இரண்டு கட்டங்களைச் சேர்த்து வரைந்து, ‘தண்ணீர்’ என்று எழுதிக் காட்டினேன். நடுவில் இடைவெளி தெரிந்தும் அம்மா சட்டென்று படித்துவிட்டார். அத்தனை ஆசையாகச் செய்த வேலை இது.

மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சாதாரண டிஸ்ப்ளேயைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். கறுப்புப் பின்னணியில் எழுத்து மட்டும் ஒளிரும் வகை. பலகையில் பின்களுக்கான பதினெட்டுத் துளை இருந்தது. 1 என்றும் 18 என்றும் இரண்டு எண்களைத் தவிர ஓர் எழுத்துகூட இல்லை. கேட்டதற்குக் கடைக்காரர், “சாதா டிஸ்ப்ளே மாதிரியேதான் சார், பதினாறு பின்னையும் அப்படியே கொடுத்துடுங்க, மீதி ரெண்டு சும்மா எக்ஸ்ட்ரா” என்றார். விற்பவரே சொல்கிறாரே என்று நம்பினேன்.

சாதாரண டிஸ்ப்ளேயில் 15ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 16ஆம் பின்னுக்கு கிரவுண்டு (எதிர்முனை). அப்படியே கொடுத்தேன். எழுத்துகள் கண்ணைக் கூசவைக்கும் சிவப்பில் எரிந்து, ஆரஞ்சாக மங்கி, அணைந்துவிட்டன. என்னிடமிருந்த டிஸ்ப்ளேயில் 15 என்பது மூன்று நிறத்துக்கும் பொதுவான நேர்முனை. 16 சிவப்பு, 17 பச்சை, 18 நீலம். சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். மிச்சமுள்ள 3 வோல்ட்டைத் தாங்க, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 150 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டிருந்தால், அதுவும் சில காசு விலையுள்ள ரெசிஸ்டர், 20 மில்லி ஆம்பியரோடு நின்றிருக்கும். சாதாரண டிஸ்ப்ளேக்களில் பெரும்பாலும் அந்த ரெசிஸ்டரைப் பலகையிலேயே வைத்துவிடுகிறார்கள், இதில் வைக்கவில்லை. வைக்கவில்லை என்பதை யார் சொல்ல வேண்டும்?

எல்லாத் தயாரிப்பிலும் ஒரே அமைப்பு இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிலவற்றில் நேர்முனை பொது, சிலவற்றில் எதிர்முனை பொது. நேர்முனை பொதுவென்றால் நிரலில் அதிகபட்ச மதிப்பான 255 கொடுத்தால் விளக்கு அணையும், 0 கொடுத்தால் முழுதாக எரியும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாலை போயிற்று. ‘நாலே ஒயரில் முடிந்துவிடும்’ என்று சொல்லி அதே கடையில் தலையில் கட்டிய, டிஸ்ப்ளேயைக் குறைந்த ஒயரில் ஆர்டுயினோவோடு இணைக்கும் ஐ-டூ-சி பலகைக்கும் பதினாறு பின்தான். பேக்லைட்டை ஏற்றவும் அணைக்கவும் அதில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர். மூன்று நிறத்தை அது எப்படி ஆளும்? இரண்டையும் சேர்த்து விற்பவருக்கு இது தெரிய வேண்டாமா?

திரும்பப் போய்க் கேட்டேன். “கனெக்ஷன் கொடுத்த சரக்கை எடுக்கிறதில்ல சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார். எனக்குப் பின்னால் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் அதே டிஸ்ப்ளேக்கு எண்ணி எண்ணிப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனை நிறுத்தி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ரெசிஸ்டர் போடு தம்பி, 16ஐ நேராக கிரவுண்டில் கொடுத்துவிடாதே என்று பில்லின் பின்பக்கத்தில் படம் வரைந்து கொடுத்தேன். கடைக்காரர் செய்திருக்க வேண்டிய வேலை அது. எழுதி முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது பச்சையும் நீலமும் ஒழுங்காக எரிகின்றன. சம்ப் தீரப்போகும் நேரத்தில், அம்மாவுக்கு எது தெரிய வேண்டுமோ அந்த நேரத்தில், டிஸ்ப்ளே இருண்டு கிடக்கிறது. நேற்றும் அவர் மூடியைத் தூக்கிக் குனிந்துதான் பார்த்தார்.